கூகுள் மேப்புக்கு முன்னாடி ஒரு சங்கிலி: கொங்கு மண்ணை அளந்த லாம்ப்டனின் கதை!

போத்தனூர் ஜங்ஷன்ல இறங்குறீங்க. வெளியே வந்ததும் போனை எடுத்து டாக்ஸி புக் பண்றீங்க. மேப்புல ஒரு நீலப் புள்ளி, 'நீங்க இங்கதான் நிக்கிறீங்க'ன்னு சொல்லுது. அந்தப் புள்ளி பத்து மீட்டர் தள்ளிப் பக்கத்துத் தெருவுல நின்னாலே நமக்குக் கோபம் வந்துடுது.

சரி, ஒரு கேள்வி. சாட்டிலைட் இல்லாத காலத்துல, ஓர் ஊர் பூமியில சரியா எந்த இடத்துல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாங்க?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, கையில ஒரு இரும்புச் சங்கிலியோட 1806-ல் கொங்கு நாட்டுக்கு வந்தார் ஒரு வெள்ளைக்காரர். பெயர், வில்லியம் லாம்ப்டன். நில அளவையாளர். ஐம்பதை நெருங்குற வயசுல வாழ்க்கையோட பெரிய வேலையைத் தொடங்கி, அது முடியறதுக்கு முன்னாடியே இந்த மண்ணுல செத்துப்போனவர். 'வயசாயிடுச்சே, இன்னும் செட்டில் ஆகலையே'ன்னு 27 வயசுல கவலைப்படுறவங்க இவரைத் தெரிஞ்சுக்கணும்.

லேட்டா தொடங்கிய கரியர்

இங்கிலாந்தின் யார்க்ஷயரில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர் லாம்ப்டன். கணக்குல கெட்டிக்காரர். 1781-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது, கைதானவர்களில் இவரும் ஒருவர். அப்புறம் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் எல்லை அளக்கும் வேலை, ராணுவக் குடியிருப்பு மேற்பார்வை என்று பத்து வருஷத்துக்கும் மேல ஓடிப்போச்சு. பெரிய பதவி உயர்வு கிடையாது. சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் ஒரு கண் பார்வையும் பாதிக்கப்பட்டது. அந்தத் தனிமையில அவர் செஞ்ச ஒரே உருப்படியான காரியம், கணிதமும் வானவியலும் புத்தகம் புத்தகமாகப் படிச்சதுதான்.

1796-ல் அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்குக் கிளம்பியது. மூன்று வருஷம் கழித்து, திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போர். ஓர் இருட்டு ராத்திரி, ஜெனரல் பெயர்டு தலைமையில் ஒரு படை தன் முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. லாம்ப்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் வேற கதை சொல்லின. "நாம தெற்கே போகல, வடக்கே போறோம்... திப்புவோட படை இருக்கிற பக்கம்!" என்று எச்சரித்தார். அவர் சொன்னதே சரி. படை தப்பியது.

போர் முடிஞ்சதும் அவர் ஒரு திட்டத்தை நீட்டினார். தென்னிந்தியாவைக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை முக்கோணங்களால அளக்கணும். ஊர்களோட சரியான இடம் கிடைக்கும். கூடவே, பூமி என்ன வடிவத்துல இருக்குன்னும் தெரியும். கம்பெனிக்கு முதல் பாதி போதும். லாம்ப்டனுக்கு ரெண்டாவது பாதிதான் உயிர்.

மதுக்கரை மலையை வீட்டிலிருந்தே அளக்கலாம்!

முக்கோண அளவைன்னதும் பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பு கணக்குதான்.

போத்தனூரில் நேரான ஒரு பாதையில் சரியாக ஒரு கிலோமீட்டர் அளந்து வச்சுக்கோங்க. அதன் ஒரு முனையில் நின்னு, மதுக்கரை தர்மலிங்கேஸ்வரர் மலை உச்சியைப் பாருங்க. உங்க பாதைக்கும் மலைக்கும் நடுவுல எத்தனை டிகிரி கோணம்னு குறிச்சுக்கோங்க. அடுத்த முனைக்கு நடந்து போய், அங்கேயும் கோணத்தைக் குறிங்க. ஒரு பக்கம் தெரியும். ரெண்டு கோணம் தெரியும். மீதி ரெண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே கண்டுபிடிச்சிடலாம். மலை ஏறவே வேண்டாம், எவ்வளவு தூரம்னு வந்துடும்.

இதுல இன்னொரு வசதி இருக்கு. கண்டுபிடிச்ச அந்தப் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. அதை வச்சு அடுத்த மலை, அதிலிருந்து அடுத்தது. ஒரே ஒரு கோட்டை மட்டும் தரையில அளந்துட்டு, மலைக்கு மலை தாவித் தாவி நாட்டையே அளந்துடலாம்.

ஆனா ஒரு சிக்கல். ஒரு கிலோமீட்டர் அடிக்கோட்டில் இருந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற மலையைப் பார்க்கும்போது, கோணத்துல ஒரே ஒரு டிகிரி தப்பினால், தூரம் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் தப்பும். அந்தத் தப்பு அடுத்த முக்கோணத்துக்கும் போகும், அதுக்கடுத்ததுக்கும் போகும். போன்ல இருக்கிற திசைகாட்டி இதுக்கெல்லாம் உதவாது.

அதனால லாம்ப்டன் லண்டனில் இருந்து ஒரு தியோடலைட் வரவழைத்தார். கோணம் அளக்கும் இந்தக் கருவி அரை டன் எடை! வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே இருப்பது ஆயுதம் இல்லை, அறிவியல் கருவி என்று தெரிந்ததும், மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

வெயில்ல நீளும் சங்கிலி

முக்கோணத்துக்குக் கோணம் எவ்வளவு முக்கியமோ, அடிக்கோடும் அவ்வளவு முக்கியம். 1802 ஏப்ரல் 10-ம் தேதி சென்னை பரங்கிமலையில் இருந்து லாம்ப்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். நாம பைக்ல இருபது நிமிஷத்துல போற தூரம். அவருக்கு 57 நாள் ஆச்சு.

ஏன்? சங்கிலியோட நீளம் 100 அடி. ஏழரை மைலுக்கு அதை 400 தடவை மாத்தி மாத்தி வைக்கணும். இரும்பு, சூடானால் நீளும். சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 100 அடிச் சங்கிலி நீள்வது ஓர் அங்குலத்தில் ஏழில் ஒரு பங்குதான். 'இவ்வளவுதானா'ன்னு விட்டுட்டா, 400 தடவை சேர்ந்து கிட்டத்தட்ட ஐந்து அடி தப்பாயிடும்! சென்னையின் ஏப்ரல், மே வெயில் உங்களுக்குத் தெரியும். அதனால சங்கிலியைத் தரையில போடாம, முக்காலிகள் மேல மரப்பெட்டிகளை மட்டமா வச்சு அதுக்குள்ள கிடத்தினார்கள். ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்து நீளத்தைத் திருத்தினார்கள்.

இந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசளிக்க பிரிட்டிஷ் தூதுக்குழு எடுத்துப்போன பொருட்களில் ஒன்று. அங்கே அதுக்கு வரவேற்பில்லை. கல்கத்தாவுக்கு வந்து, கடைசியில் லாம்ப்டன் கைக்குச் சேர்ந்தது.

அவ்வளவு மெனக்கெட்டதுக்குப் பலன் என்ன? 1804-ல் பெங்களூரில் இன்னொரு அடிக்கோட்டை அளந்தார். சென்னையில் இருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டு வந்த நீளமும், தரையில் சங்கிலியால் அளந்த நீளமும் எவ்வளவு வித்தியாசப்பட்டன தெரியுமா? நாலு அங்குலத்துக்கும் குறைவு!

கொங்குக்கு வந்த கோடு

பெங்களூரில் இருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டா, அது காங்கேயம் பக்கமாக வரும். லாம்ப்டனின் முக்கோணச் சங்கிலியும் அப்படித்தான் தெற்கே இறங்கியது. 1806-ல், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடுத்த அடிக்கோடு அளக்கப்பட்டது. ஏற்கெனவே போட்ட கணக்கு சரியான்னு பார்க்கத்தான் இதுவும்.

அவருடைய பதிவுகளில் இங்குள்ள நிலையத்தின் பெயர் 'புட்சபோலியம்'. ஏதோ ஒரு பாளையம், வெள்ளைக்காரர் வாயில் புகுந்து இப்படி வெளியே வந்திருக்கு. அட்சரேகை 10 டிகிரி 59 நிமிடம் என்று குறித்திருக்கிறார். போத்தனூரோட அட்சரேகையும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது, நம்ம ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, ராத்திரி ராத்திரியா தலைக்கு மேல போற நட்சத்திரங்களைக் கருவியில் பார்த்து, 'இந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம்'னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தார் ஒருத்தர்.

நட்சத்திரம் எதுக்கு? பூமி சுத்தமான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. அதனால ஒரு டிகிரி அட்சரேகையோட நீளம் எல்லா இடத்திலும் ஒண்ணா இருக்காது. கொங்கு நாட்டில் அது சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்துக்கிட்ட சுமார் 111.7. தரையில் நீளத்தையும், வானத்தைப் பார்த்து டிகிரியையும் அளந்து ரெண்டையும் ஒப்பிட்டால், பூமியின் வடிவம் பிடிபடும். லாம்ப்டன் உண்மையில் அளந்தது கோயம்புத்தூரை இல்லை, பூமியை!

ஆனா, இதைச் சும்மா அறிவியல் கதையா மட்டும் படிச்சிட்டுப் போயிட முடியாது. இந்தப் பகுதி கம்பெனி கைக்கு வந்தது 1799-ல், திப்பு வீழ்ந்த பிறகு. காங்கேயத்துக்குப் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலை, கம்பெனியை எதிர்த்துச் சண்டை போட்டு சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது 1805-ல். அடுத்த வருஷமே இங்கே அளவுச் சங்கிலி வந்துவிட்டது. வரி போடவும், படை நடத்தவும், பாதை போடவும் ஆட்சிக்கு வரைபடம் வேணும். லாம்ப்டனின் ஆசை பூமியின் வடிவமா இருக்கலாம். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களின் ஆசை பூமியே. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுசாகும்.

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

கொங்குல குன்றுக்குப் பஞ்சமில்லை. காவிரி டெல்டாவில் அப்படியா? தென்னந்தோப்பும் வயலும்தான். உயரமான இடம் வேணும்னா கோயில் கோபுரம்தான் கதி. 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்த அரை டன் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் அதன் பெரிய வட்டம் நெளிந்துபோனது.

வேற யாரா இருந்தாலும் லண்டனுக்குக் கடிதம் எழுதிட்டு உட்கார்ந்திருப்பாங்க. லாம்ப்டன் கூடாரத்துக்குள்ள புகுந்தார். பெரிய பலகையில் சரியான வட்டத்தை வரைந்துகொண்டு, நெளிந்த பாகத்தை ஆப்பும் திருகும் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, ஆறு வாரத்தில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் பாளையங்கோட்டையில் அடிக்கோடு அளந்து, குமரி முனை வரை போய்விட்டார்.

காணாமல்போன 40 மைல்

இவ்வளவு உழைச்சவருக்குப் பாராட்டு கிடைச்சதா? சென்னையில் கணக்கு வழக்கு பார்க்கும் குழுவில் ஒருவர் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி இது: ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்குறவர்கிட்ட சொன்னா போதுமே, அவரே கொண்டுபோய் விட்டுடுவாரே, லாம்ப்டனோட மேப் எதுக்கு? 'ஆட்டோ அண்ணாவுக்கு வழி தெரியுமே, ஜி.பி.எஸ் எதுக்கு'ங்கிற மாதிரிதான்.

பதிலை அளவே சொன்னது. அதுவரை இருந்த வரைபடங்களில் சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே சுமார் 400 மைல். லாம்ப்டன் அளந்து முடித்தபோது 360 மைல்தான்! சுமார் 40 மைல் அகல நிலம் வெறும் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது.

இதெல்லாம் ஒத்தை ஆள் வேலையும் இல்லை. மலை உச்சிகளில் கொடி பிடித்தவர்கள், கருவியைத் தோளில் சுமந்து ஏறியவர்கள், சங்கிலி இழுத்தவர்கள் எல்லாம் நம்ம ஊர்க்காரர்கள். பெரும்பாலானவர்களின் பெயர் பதிவாகவே இல்லை. பெயர் தெரிந்தவர்களில் ஒருவர் ஜோஷுவா டி பென்னிங். சென்னையின் நில அளவைப் பள்ளியில் படித்த ஆங்கிலோ இந்தியப் பையன். லாம்ப்டனின் நம்பிக்கைக்குரிய உதவியாளராக வளர்ந்தவர். ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோட பழகி வளர்ந்த போத்தனூர்க்காரங்களுக்கு, இந்தப் பெயர் பக்கத்து வீட்டுப் பெயர் மாதிரி கேட்கும்.

பேர் வாங்கியது யார்?

1818-ல் இந்த வேலைக்கு 'இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை' என்று பெயர் வந்தது. லாம்ப்டனுக்கு உதவியாளராக ஜார்ஜ் எவரெஸ்ட் சேர்ந்தார். லாம்ப்டன் வடக்கே நகர்ந்துகொண்டே இருந்தார். 1,65,000 சதுர மைலுக்கு மேல் முக்கோணங்களால் மூடியிருந்தார். 1823 ஜனவரி 20-ம் தேதி, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், வேலைக்குப் போகும் வழியிலேயே இறந்தார். கல்லறையும் அங்கேதான்.

எவரெஸ்ட் அந்தக் கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். அந்த அளவைகளின் மீது நின்றுதான் பிறகு 15-வது சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டது. ராதாநாத் சிக்தர் போன்றவர்கள் போட்ட கணக்கு அது. 1856-ல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. உலகத்தின் உயரமான அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட்டின் பெயர் வந்தது. தொடங்கி வைத்தவரின் பெயரில் மலை எதுவும் அங்கே இல்லை.

இன்னைக்கு உங்க போன் கோணம் அளக்கிறதில்லை. சாட்டிலைட்டுகளில் இருந்து சிக்னல் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்து, அதை தூரமாக மாத்தி இடத்தைக் கண்டுபிடிக்குது. முறை மாறிப்போச்சு. ஆனா, இந்திய அளவுகளையும் வச்சு எவரெஸ்ட் 1830-ல் கணக்கிட்ட பூமியின் வடிவத்தின் மீதுதான் இந்த நாட்டின் அதிகாரபூர்வ வரைபடங்கள் 21-ம் நூற்றாண்டு வரை வரையப்பட்டன. உங்க தாத்தா காலத்து மேப் எதை எடுத்துப் பார்த்தாலும், அதுக்கு அடியில கொங்கு மண்ணுல கிடந்த அந்தச் சங்கிலியும் இருக்கு.

லாம்ப்டன்கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான். அவர் ஒரு தடவை அளந்ததை நம்பி அப்படியே போகலை. பெங்களூர், கோயம்புத்தூர், பாளையங்கோட்டைன்னு போற வழியெல்லாம் நின்னு, 'இதுவரைக்கும் போட்ட கணக்கு சரியா?'ன்னு மறுபடி மண்ணுல இறங்கி அளந்தார். அதுக்கு நேரம் ஆகும்தான். ஏழரை மைலுக்கு 57 நாள் ஆகும். ஆனா, அப்படி அளந்த அளவு நிக்கும்.