நாய்க்குக் காதில் சீழா? முதலில் காரணம், பிறகு மருந்து!

கே.கே. நகரில் நாய் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அடுக்குமாடி வீட்டில் ஒரு லாசா ஆப்ஸோ, தனி வீட்டு வாசலில் ஒரு லாப்ரடார், தெருவே சேர்ந்து சோறு வைக்கும் ஒரு நாட்டு நாய் என்று ஏதாவது ஒன்று இருக்கும். நாய் வளர்க்கும் பெண்மணிகளிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "ராத்திரி பூரா காதைச் சொறியுது. மருந்து வாங்கிப் போட்டா நிக்குது. கொஞ்ச நாள்ல மறுபடியும் வந்துடுது. காசுதான் தண்ணியாப் போகுது!"

காசு ஏன் வீணாகிறது? என்ன நோய் என்று பார்க்காமலே மருந்து போடுவதால்தான். இந்த உபாதையில் சிக்கனத்துக்கு ஒரே வழி, முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்பது.

நாயின் காது எப்படி இருக்கிறது?

நம் காதுக் குழாய் ஏறக்குறைய நேரானது. நாயின் காதுக் குழாய் அப்படியல்ல. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. 'ட' எழுத்தின் வளைவு போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். அதில் இறங்கிய தண்ணீரும் அழுக்கும் சுலபத்தில் வெளியே வராது. லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் போன்றவற்றுக்குக் காது மடல் தொங்குவதால் காற்றும் புகாது. சென்னைப் புழுக்கமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

தலையை அடிக்கடி உதறுவது, காதைத் தரையில் தேய்ப்பது, கெட்ட வாடை, உட்புறம் சிவந்திருப்பது, தொட்டால் முனகுவது ஆகியவை ஆரம்ப அடையாளங்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ நோய் உட்காது வரை போயிருக்கலாம். அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

குற்றவாளி யார்?

பூஞ்சை, பாக்டீரியா, காதுப் பூச்சி எனப்படும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, இந்த மூன்றும்தான் பெரும்பாலும் காதைக் கெடுப்பவை. பூஞ்சையானால் பழுப்பு நிற மெழுகும் புளித்த வாடையும், பாக்டீரியாவானால் மஞ்சள் சீழும், பூச்சியானால் காப்பித்தூள் மாதிரி கறுப்புத் துகளும் பெரும்பாலும் வரும். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஒரே காதில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும்.

இவற்றுக்குப் பின்னால் இன்னொரு ஆசாமியும் ஒளிந்திருக்கலாம். அவர்தான் அலர்ஜி! காது நோய் திரும்பத் திரும்ப வந்து, நாய் பாதங்களையும் நக்கிக்கொண்டே இருந்தால், சாப்பாட்டிலோ சுற்றுப்புறத்திலோ ஏதோ ஒன்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படலாம். அதைக் கவனிக்காமல் காதில் மட்டும் மருந்து விட்டால் பலன் நிலைக்காது.

டாக்டர் என்ன செய்வார்?

வெளிச்சக் கருவியால் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். பஞ்சில் கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் சோதிப்பார். சாதாரணச் சோதனைதான். ஆனால் மாதக் கணக்கில் ஆகும் மருந்துச் செலவை மிச்சப்படுத்துவது அதுதான். "தகட்டில் வைத்துப் பார்த்தீங்களா, டாக்டர்?" என்று நீங்களே கேட்கத் தயங்காதீர்கள்.

தனியார் கிளினிக் கட்டுப்படியாகவில்லையா? 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. அங்கே குறைந்த கட்டணத்தில் வைத்தியம் பார்க்கிறார்கள். ஆட்டோவுக்குச் செலவானாலும், காரணம் தெரிந்து திரும்பினால் அது லாபமே. தெரு நாய்களுக்கு உதவும் கிண்டி புளூ கிராஸ், விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தொடங்கிய அமைப்பு. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர் என்பது நமக்கெல்லாம் பெருமை!

இவற்றைச் செய்யாதீர்கள்

* "காய்ச்சின எண்ணெய் விடு, பூண்டுச்சாறு விடு" என்று யார் சொன்னாலும் வேண்டாம். எண்ணெய்ப் பசை பூஞ்சைக்கு விருந்து. பூண்டு புண்ணை எரிக்கும்.
* வீட்டில் மிஞ்சிய மனிதர்களின் காது மருந்தை விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் செவிட்டுத்தன்மையையே உண்டாக்கும்.
* பட்ஸ் குச்சியை உள்ளே விடாதீர்கள். அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.
* வாடை நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை விட்டு, மறுபடி காட்டி, அவர் 'போதும்' என்ற பிறகே நிறுத்துங்கள்.

சுத்தம் செய்யும் முறை

டாக்டர் எழுதித் தந்த திரவத்தைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருங்கள். சில்லென்று விட்டால் நாய் மிரளும். மடலை மேலே தூக்கி, புட்டியின் நுனி காதில் படாமல் திரவத்தை விடுங்கள். காதின் அடிப்பாகத்தை அரை நிமிஷம் மெதுவாகப் பிசையுங்கள். 'களக் களக்' என்று சத்தம் வரும். பிறகு தலையை உதற விட்டு, வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். அந்தக் காதுக்கு ஒரு பஞ்சு, இந்தக் காதுக்கு வேறு பஞ்சு. மருந்துத் துளிகளை விடுவது சுத்தம் செய்த பிறகுதான். முடிந்ததும் ஒரு பிஸ்கெட் கொடுத்தால் மறுநாள் தானே வந்து நிற்கும்!

வராமல் தடுக்க

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கிற மாதிரி, நாயின் காதுக்கும் ஒரு கிழமை குறித்துக் கொள்ளுங்கள். மடலைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். காலணாச் செலவில்லை. சுத்தமாக இருக்கும் காதைத் தினமும் குடைய வேண்டாம்; அதுவே புண்ணாக்கும். குளிப்பாட்டும்போது காதின் வாயில் பஞ்சு வைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட்டு, மடலை உலர்த்துங்கள். மழையில் நனைந்து வந்தாலும் துடையுங்கள். காதுப் பூச்சி ஒன்றுக்கு வந்தால், வீட்டிலுள்ள மற்ற நாய்க்கும் பூனைக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

'காதுதானே' என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? உதறி உதறி மடலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். குழாய் தடித்து அடைத்துப் போனால், காதுக் குழாயையே ஆபரேஷன் செய்து எடுக்க நேரும். செலவு எங்கேயோ போய்விடும். "ஓயாம நாத்தம், கடிக்க வேற வருது" என்று நாயைத் தெருவில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வலியால் கடிக்கிற நாய் கெட்ட நாய் அல்லவே!

வாயில்லா ஜீவன் 'வலிக்கிறது' என்று சொல்லாது; தலையைத்தான் உதறும். இரண்டாவது நாளும் உதறினால் மூன்றாவது நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.