கம்பியில்லாமல் ஒரு கச்சேரி

சபாக்கள் இல்லாத ஊர்களில் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்று கைப்பேசிதான் கச்சேரி மேடை. அதற்கொரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்க நினைக்கும் அன்பர்கள், ‘கம்பி இல்லாவிட்டால் ஒலி கெடாதா?’ என்று கேட்கிறார்கள்.

கொஞ்சம் குறையும். குறுந்தட்டில் வினாடிக்கு 1,411 கிலோபிட் ஒலித்தகவல் உண்டு. எல்லாக் கருவிகளிலும் உள்ள எஸ்.பி.சி. முறை அதைச் சுமார் 328 கிலோபிட்டாகச் சுருக்கி அனுப்பும். ஆப்ட்எக்ஸ் போன்ற முறைகளும் உண்டு. ஆனால் கப்ளிங் மாதிரி, இரு பக்கமும் பொருந்த வேண்டும். ஐபோனில் ஆப்ட்எக்ஸ் கிடையாது. தவிர, இணையத்தில் வரும் பாட்டு பெரும்பாலும் முன்பே சுருக்கப்பட்டதுதான். இதற்காக அதிகம் செலவழிக்காதீர்கள்.

காசைப் பெட்டியில் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பி நாதம் கேட்க 4 அங்குலக் கூம்பாவது வேண்டும். உள்ளங்கை அளவுப் பெட்டியில் அது வெறும் தட்டலாகிவிடும். அட்டையில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரம் வாட் போட்டிருந்தால் நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். ஃபிளாட் ஹாலுக்கு ஜோடிக்கு 40 வாட் தாராளம். கடையில் உங்களுக்கு நன்கு பழகிய பாட்டையே போடச் சொல்லுங்கள். (கடைக்காரர் போடும் பாட்டு எந்தப் பெட்டியிலும் அதிரும்!)

வீட்டில் சுவரோடு ஒட்டி வைத்தால் அடித்தொனி வீங்கும். ஒரு சாண் முன்னே தள்ளி, இரண்டுக்கும் இடையே ஐந்தாறு அடி விட்டு, காது மட்டத்தில் வையுங்கள்.

பின்புறம் ஆக்ஸ் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். டி.வி.யோடு புளூடூத்தில் இணைத்தால் உதடு அசைந்த பிறகு வசனம் வரலாம். அதற்குக் கம்பிதான் சரி.