பட்டப்படிப்பின் பாதை – 6: கேட்கும் முன்பே வரும் ஆலோசனை

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெறப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது என்பதைப் பெரும்பாலும் மாணவரே தீர்மானிக்கிறார். பட்டத்துக்கு உதவாத பாடத்தில் சேர்ந்துவிட்டால் கட்டிய பணமும் போன காலமும் வீண். இந்தக் கணக்கைக் கூடவே இருந்து பார்த்துக் கொடுப்பவர்தான் கல்வி ஆலோசகர். பெற்றோர் படித்தவர்களாக இருந்தால் வீட்டிலேயே வழி சொல்லிவிடுவார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவருக்கோ யாரிடம் எதைக் கேட்பது என்பதே தெரியாது. ஆலோசகர் தன் அறையில் காத்திருப்பதால் மட்டும் அந்த மாணவருக்குப் பயனில்லை.

அட்லான்டாவிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் இதை அனுபவத்தில் கண்டது. 2003 நிலவரப்படி, அங்கே சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர் சுமார் 32 சதவீதமே. பழைய மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து, படிப்பு தடம் புரளப்போவதைக் காட்டும் ஏறத்தாழ 800 அறிகுறிகளைப் பல்கலைக்கழகம் தொகுத்தது. 2012 முதல் ஒவ்வொரு மாணவரின் பதிவையும் கணினி நாள்தோறும் சரிபார்க்கிறது.

அரசியல் அறிவியலின் முதல் பாடத்தில் ‘சி’ வாங்கிய மாணவரை எடுத்துக்கொள்வோம். ‘சி’ என்றால் தேர்ச்சிதான். முன்பெல்லாம் யாரும் கவலைப்படாமல் அடுத்த பாடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே அத்துறையில் பட்டம் வரை போனதாகப் பழைய பதிவுகள் காட்டின. இப்போது அந்த மதிப்பெண் ஆலோசகரின் திரைக்கு எச்சரிக்கையாக வந்துவிடுகிறது. அவர் மாணவரை அழைத்துப் பேசுகிறார். கட்டுரை எழுத வரவில்லையா, இரவு வேலையால் வகுப்பு தவறியதா என்று விசாரித்து, அதற்கேற்ற உதவிக்கு அனுப்புகிறார். காரணத்தைக் கணினி சொல்லாது. அதை மனிதர்தான் கேட்டறிய வேண்டும். அதனால்தான் பல்கலைக்கழகம் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலோசகர்களைப் புதிதாகச் சேர்த்து, ஒருவருக்குச் சுமார் 300 மாணவர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தது.

சில நூறு டாலர் கட்டணப் பாக்கிக்காகக் கடைசி ஆண்டில் பெயர் நீக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்காக 2011-இல் சிறு உதவித்தொகை தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் பட்டம் பெறுவோர் விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது. கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள். இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பெருமை இதுவே.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘இது உனக்கு வராது’ என்று பின்தங்கியவர்களை எளிய பாடங்களுக்குத் தள்ளிவிட்டால் ஆலோசனையே அநீதியாகிவிடும்.

அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளிலும் மாணவர்களை ஓர் ஆசிரிய ஆலோசகரின் பொறுப்பில் விடும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வகுப்பு எடுப்பதோடு சேர்த்துத்தான் அவர் இதையும் பார்க்க வேண்டும். முதல் உள்மதிப்பீட்டு மதிப்பெண் வந்த வாரத்திலேயே அவர் மாணவரை அழைத்துப் பேசினால் பல அரியர்களைத் தவிர்க்கலாம். அதற்காக அவருடைய வகுப்புச் சுமையைக் கல்லூரிகள் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

(தொடரும்)