கறுத்த மலம் சொல்லும் செய்தி

இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் விடியற்காலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். கழிவறையில் மயங்கிச் சரிந்த அவரைத் தாயார் தாங்கிப் பிடித்திருக்கிறார். "இரவெல்லாம் கண்விழித்து வேலை பார்க்கிறான்; வேளைக்குச் சாப்பிடுவதில்லை. அதனால்தான் டாக்டர், இந்த மயக்கம்" என்றார் அந்த அம்மா.

இரத்த அழுத்தம் இயல்பாகவே இருந்தது. ஹீமோகுளோபின் 12.8 கிராம். ஆனால், படுத்திருந்தபோதே நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 118. மலம் எந்த நிறத்தில் போகிறது என்று தனிமையில் கேட்டோம். தயங்கியபடியே சொன்னார்: மூன்று நாள்களாகத் தாரைப் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போகிறதாம். முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் தாமே வாங்கிய வலி மாத்திரைகளை இரண்டு வாரங்களாக விழுங்கி வந்ததும் அப்போதுதான் தெரிந்தது. கூச்சத்தால் வீட்டில் எதையும் அவர் சொல்லவில்லை.

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றில் கசியும் இரத்தம் செரிமானத்திற்கு உட்பட்டுக் கறுத்துவிடுகிறது. வாந்தியில் அது காப்பித்தூள் போலத் தோன்றலாம்; கசிவு மிகுந்தால் செந்நிறமாகவே வெளிப்படும்.

இளம் உடல் இழப்பை நெடுநேரம் மறைத்துவிடும். இரத்த நாளங்கள் சுருங்கி, இதயம் விரைந்து துடித்து, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஹீமோகுளோபினும் உடனே குறைவதில்லை. உடலின் நீர் இரத்த நாளங்களுக்குள் வந்து சேர்ந்த பிறகே உண்மையான அளவு தெரியும். ஆகவே, முதல் பரிசோதனையை மட்டும் நம்பி நாங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. சில மணி நேரத்தில் அது 9.1 ஆகக் குறைந்தது. இரத்தத்தில் யூரியாவும் உயர்ந்திருந்தது. குடலில் இரத்தம் செரிப்பதன் அடையாளம் அது.

நரம்பு வழியே திரவமும் அமிலம் குறைக்கும் மருந்தும் செலுத்தி, உடல்நிலை சீரானதும் எண்டோஸ்கோப்பி செய்தோம். இத்தகைய நோயாளிகளுக்கு இதை 24 மணி நேரத்திற்குள் செய்வதே நடைமுறை. முன்சிறுகுடலில் ஒரு புண். அதன் நடுவே இரத்த நாளம் ஒன்று தெரிந்தது. அதே கருவியின் வழியே மருந்தூசி செலுத்தி, கிளிப் பொருத்தி அதை அடைத்தோம். திசுப் பரிசோதனையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றது, இக்கிருமியைக் கண்டறிந்ததற்காகத்தான். கிருமியை ஒழிக்காவிட்டால் புண் திரும்பக்கூடும்.

எல்லோருக்கும் காரணம் புண்ணாகவே இருப்பதில்லை. தொடர்ந்த கடும் வாந்தியால் உணவுக்குழாயின் அடிப்பகுதி கிழியலாம். கல்லீரல் நோயினாலோ, கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அடைபட்டதாலோ உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிக்கலாம். ஆதலால் மது, மஞ்சள் காமாலை, மாத்திரைகள் பற்றி நாங்கள் கேட்பது குறைகூறுவதற்காக அன்று. சிகிச்சையின் வழி அதனால்தான் தெளிவாகிறது.

வீட்டில் இருப்போர் நினைவில் கொள்ள வேண்டியவை சில. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆயினும் காரணத்தை நீங்களே முடிவு செய்யாதீர்கள். இரத்த வாந்தி, கறுத்த மலம், மயக்கம், குளிர்ந்த வியர்வை தென்பட்டால் 108ஐ அழையுங்கள். உணவோ நீரோ கொடுக்க வேண்டாம். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைத் தவறாமல் எடுத்து வாருங்கள்.

அந்த இளைஞர் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று அவருடைய அம்மா கடிந்துகொண்டார். எங்கள் வேண்டுகோளும் அதுவே.