கரிசல் மண் தந்த எளிய அடிசில்

உயிர்களிடத்து அருள் பூண்பது வழிபாட்டின் பயன். புலால் மறுத்தலுக்குத் திருக்குறள் ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. பாலும் நெய்யும்கூடத் தவிர்க்க விழையும் அன்பர்கள், அவையின்றிச் சுவை ஏது என மயங்க வேண்டா. செண்பகவல்லி அம்பாள் உடனுறை பூவனநாதர் எழுந்தருளியுள்ள கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலமே அதற்கு விடை கூறும். வான்மழையை நம்பிய அம்மண்ணில் குதிரைவாலியும் உளுந்தும் எள்ளும் விளைகின்றன.

ஓர் ஆழாக்குக் குதிரைவாலி அரிசிக்கு அரை ஆழாக்குத் தொலியுளுந்து கொள்க. உளுந்தை மணம் வர வறுத்து, சிறிது வெந்தயத்துடன் நான்கு ஆழாக்கு நீரில் அரைவேக்காடாக வேகவிடுக. குதிரைவாலி விரைவில் வெந்து குழையுமாதலின், அதனைப் பின்னரே களைந்து இடுக. வெந்தபின் உப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இறக்குக. எள்ளையும் மிளகாய் வற்றலையும் தனித்தனியே வறுத்து, புளி, உப்புடன் அரைத்தால் துவையலும் ஆயிற்று. நெய்யின் குறையை எள்ளே நிறைவு செய்யும்.

நெல்லரிசி எளிதிற் கிட்டியபின் நம் அடுக்களைகள் இத்தானியத்தை மறந்தன. ஐக்கிய நாடுகள் அவையோ 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நாம் உண்டாலன்றோ உழவர் விதைப்பர்! வாரம் ஒருநாளேனும் இவ்வடிசிலை ஆக்கி, இறைவனுக்குப் படைத்து, பசித்தார் ஒருவருடன் பகிர்ந்து உண்போமாக.