ஒரே தேதியும் ஒரே நாளும்

இலக்கிய வரலாறும் நாட்டு வரலாறும் எழுதப் புகுவார், இருவேறு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் நிகழ்ந்தன எனக் காணுந்தோறும் வியப்புறுவர். வியப்போடு அமையாது, அதனின்றும் சில முடிபுகளைக் கொள்வாரும் உளர். அம்முடிபுகள் கொள்ளற்பாலனவா, தள்ளற்பாலனவா என்பது, நாள் வேறு தேதி வேறு என்பதனை உளங்கொண்ட பின்னரே துணியத்தக்கது. உலகியலில் ஓடும் காலத்தின் ஒரு கூறு நாள். அதற்கு மக்கள் தத்தம் நாட்காட்டி வழியே இட்டு வழங்கும் பெயர் தேதி. ஆகலின் இருவேறு நாட்கள் ஒரே தேதியைப் பெறுதலும் கூடும். ஒரே நாள் இரு தேதிகளைப் பெறுதலும் கூடும். இவ்விரண்டனையும் தக்க சான்றுகளால் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு நாள், ஒரு தேதி

ஆங்கில நாடகப் பெரும்புலவர் ஷேக்ஸ்பியரும், 'டான் குவிக்சோட்' என்னும் புதினத்தை இயற்றிய இஸ்பானிய அறிஞர் செர்வாண்டிசும் 1616ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ஒருங்கே மறைந்தனர் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஏப்ரல் 23ஆம் நாளை உலகப் புத்தக நாளாக அறிவித்தபொழுதும் இச்செய்தி ஒரு காரணமாகக் காட்டப்பெற்றது.

இதனை ஆராய்வோம். ஸ்ட்ராட்போர்டுத் திருக்கோயிலிலுள்ள ஷேக்ஸ்பியரின் நினைவுச் சின்னம், அவர் மறைந்த தேதி ஏப்ரல் 23 எனக் குறிக்கின்றது. ஏப்ரல் 25இல் அவர் அடக்கம் செய்யப்பெற்றமையைத் திருக்கோயிற் பதிவேடு காட்டும். செர்வாண்டிஸ் மறைவினை மாட்ரிட் நகரத்துத் திருக்கோயிற் பதிவேடும் ஏப்ரல் 23 என்றே குறிக்கின்றது. ஆயினும், அடக்கம் நிகழ்ந்த தேதியைப் பதிதலே அக்கால வழக்காதலின், அவர் முந்தைய நாளாகிய 22இல் மறைந்தார் என்பது இன்றைய அறிஞர் பலர் கொள்கை.

இவ்வொரு நாள் வேறுபாடு சிறிது. இதனினும் பெரியது பிறிதொன்று உளது. அந்நாளில் இஸ்பானியா கிரெகோரியின் புதிய நாட்காட்டியைக் கைக்கொண்டிருந்தது. இங்கிலாந்தோ ஜூலியஸ் சீசர் வகுத்த பழைய நாட்காட்டியையே போற்றி வந்தது. இரண்டற்கும் இடையே அன்று பத்து நாள் வேற்றுமை. எனவே ஷேக்ஸ்பியர் மறைந்த நாள் இஸ்பானியக் கணக்கில் மே 3 ஆகும். கிழமையை நோக்கின் இது தெற்றென விளங்கும். இஸ்பானியாவின் ஏப்ரல் 23 சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஏப்ரல் 23 செவ்வாய்க்கிழமை. செர்வாண்டிஸ் மறைந்த பின்னர்ப் பதினொரு நாட்கள் ஷேக்ஸ்பியர் வாழ்ந்திருந்தார் என்க.

2. நாட்காட்டி இரண்டானமை

சீசரின் நாட்காட்டி ஆண்டிற்கு 365¼ நாள் எனக் கொண்டது. உண்மை ஆண்டு இதனினும் ஏறத்தாழப் பதினொரு நிமிடம் குறைந்தது. இச்சிறு பிழை பெருகி, ஏறக்குறைய 128 ஆண்டிற்கு ஒரு நாளாயிற்று. இதனைத் திருத்துவான் வேண்டிப் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரெகோரி 1582ஆம் ஆண்டில், அக்டோபர் 4ஆம் தேதியாகிய வியாழனுக்கு மறுநாளாகிய வெள்ளியை அக்டோபர் 15 என வழங்குமாறு பணித்தார். இஸ்பானியா, போர்ச்சுகல் முதலியன உடனே ஏற்றன. இங்கிலாந்து 1752 வரை ஏற்றிலது. அவ்வாண்டில் செப்டம்பர் 2ஆம் தேதியாகிய புதனை அடுத்து வந்த வியாழன் 14ஆம் தேதியாயிற்று. தேதிகள் துள்ளினவேயன்றிக் கிழமைகள் இடையறவு பட்டில என்பது கருதற்பாலது.

கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்னும் கூற்றும் இத்திறத்ததே. கலிலியோ மறைந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25. புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4 ஆகும்.

3. ஒரு நாள், இரு தேதி

இவ்வேற்றுமை ஐரோப்பாவோடு நின்றதன்று. சோழமண்டலக் கரையிலும் நிலவியது. புதுவைப் பிரெஞ்சுக்காரர் புதிய கணக்கினர். சென்னை ஆங்கிலேயர் பழைய கணக்கினர். 1700ஆம் ஆண்டினைப் பழைய கணக்கு மட்டும் மிகைநாள் ஆண்டாகக் கொண்டமையின், வேற்றுமை பதினொரு நாளாகியிருந்தது. 1746ஆம் ஆண்டில் லபூர்தொனேயின் படைக்குச் சென்னைக் கோட்டை பணிந்த நாளை ஆங்கிலேயர் செப்டம்பர் 10 என்பர். பிரெஞ்சுக்காரர் செப்டம்பர் 21 என்பர். தேதி இரண்டாயினும் நாள் ஒன்றே; இருவர்க்கும் அது புதன்கிழமை. தமிழ்க் கணக்கில் அஃது அட்சய ஆண்டுப் புரட்டாசித் திங்களில் அமையும். இக்காலத்து நிகழ்ச்சிகளை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பினின்றும் ஆங்கிலேயர் ஆவணங்களினின்றும் ஒருங்கே தொகுப்பார், இதனை மறப்பின் ஒரு நிகழ்ச்சியை இரண்டாக எண்ணி இடர்ப்படுவர். பின்னதனை முன்னதாகவும் மயங்குவர்.

4. ஆராய்வார் கொள்ளத்தக்க நெறி

ஒரே நாள் நிகழ்ச்சிகள் யாவும் பொய் என்பது நம் கருத்தன்று. அமெரிக்கக் குடியரசின் தலைவராய் விளங்கிய ஜான் ஆடம்சும் ஜெபர்சனும் 1826ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் மறைந்தனர். இருவரும் ஒரே நாட்டினர். வழங்கியதும் ஒரே நாட்காட்டி. அந்நாடு விடுதலை அறிக்கையை ஏற்ற நாளின் ஐம்பதாம் ஆண்டு நிறைவும் அன்றே. ஈண்டு ஐயத்திற்கு இடமின்று.

எனவே, தேதி காணின் அஃது எந்நாட்டு, எந்நாட்காட்டித் தேதி என வினவுதல் முதற்கடன். கிழமை கொண்டு அதனைச் சரிபார்த்தல் இரண்டாவது. நம் கல்வெட்டுக்கள் பல, அரசனது ஆட்சியாண்டோடு திங்கள், பக்கம், திதி, கிழமை, விண்மீன் ஆகியவற்றையும் உடன் கூறுகின்றன. ஒன்று பிழைபடினும் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். கீல்ஹார்ன், எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை முதலிய அறிஞர் சோழ பாண்டியர் ஆட்சிக் காலங்களைக் கணித்தற்கு இக்குறிப்புக்களே துணைநின்றன. கல்லில் வெட்டினோர் ஒரு நாளைப் பல்வகையாற் சுட்டிய அவ்விழிப்பு, ஏட்டில் எழுதும் நமக்கும் வேண்டற்பாலது. எண் ஒத்தமையானே நாள் ஒத்தது எனத் துணிதல், பெயர் ஒத்தமையானே இரு புலவரை ஒருவர் எனக் கொள்ளுதலோடு ஒக்கும்.