தோளில் போட்டுப் பாருங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸின் புது மோஸ்தர்கள் அயல்நாட்டு அரண்மனைகளுக்குப் பொம்மை வடிவில்தான் பயணம் போயின. அந்தப் பருவத்து கவுனைச் சின்ன அளவில் தைத்து, தலையலங்காரம் சகிதமாக ஒரு பொம்மைக்கு அணிவித்துப் பெட்டியில் அனுப்புவார்கள். அங்குள்ள தையல்காரர்கள் அதைப் பார்த்துத் தைப்பார்கள். பொம்மை வெட்டைச் சொல்லும், தையலைச் சொல்லும். அதற்குமேல் அதற்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு கடைப்பெண். பாரிஸின் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மாரி வெர்னே, சால்வைகளைத் தன் தோளிலேயே போட்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவார். அதே கடையில் விற்பனையாளராக இருந்த ஆங்கிலேயர் சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் அவரை மணந்துகொண்டார். 1858இல் வொர்த் சொந்தத் தொழில் தொடங்கியபோது, புது உடைகளை உடுத்திக் காட்டும் பொறுப்பு மாரிக்கு வந்தது. உலகின் முதல் ஃபேஷன் மாடல் என்று பலரும் குறிப்பிடுவது இவரைத்தான்.

பொம்மைக்குப் பதில் ஓர் ஆள் வந்ததும் மாறியது துணியல்ல, பார்ப்பவரின் மனம். மனிதர்கள் பார்த்துக் கற்கும் இனம். யாரைப் பார்த்துக் கற்பது என்ற கேள்விக்கு ஜோசப் ஹென்ரிக், ஃபிரான்சிஸ்கோ கில்-வைட் என்ற இரு மானுடவியலாளர்கள் 2001இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: ஊர் யாரை மதிக்கிறதோ அவரைப் பார்த்து. ஆனால் அவருடைய வெற்றிக்கு எது காரணம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தேர்ந்த வேட்டைக்காரனின் திறமை அம்பைத் தீட்டும் விதத்திலா, விடியுமுன் கிளம்புவதிலா, காதில் செருகிய இறகிலா? பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தால் ஆயுசு போய்விடும். இறகு உட்பட மொத்தத்தையும் காப்பியடிப்பது மலிவு. நம் மனம் அந்த மலிவான வழிக்குப் பழகியது.

1985இல் நதியா நடித்த ‘பூவே பூச்சூடவா’ படம் வந்த பிறகு தமிழ்நாட்டுக் கடைகளில் நதியா கம்மலும் நதியா வளையலும் எப்படிப் பறந்தன என்பது எண்பதுகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். படத்தில் அந்தப் பெண்ணிடம் இருந்த துறுதுறுப்பைக் கடையில் வாங்க முடியாது, கம்மலை வாங்கலாம். ஃபேன்சி ஸ்டோர்க்காரர் இதைப் புரிந்துகொள்ள மானுடவியல் படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஒரு மாடலைப் பார்த்து மயங்குவதை அசட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மிகப் பழைய புத்தி ஒன்று தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். படத்தில் உள்ள எல்லாமே உண்மை என்று நம்புவதில்தான் சிக்கல். சட்டை உடலோடு ஒட்டி நிற்க முதுகுப்பக்கம் கிளிப் மாட்டியிருப்பார்கள். கேமராவை இடுப்பளவுக்கு இறக்கினால் கால் நீண்டு தெரியும். இவையெல்லாம் அந்தத் தொழிலில் அன்றாட வேலைகள்.

சரி, ஒரு மாடலிடமிருந்து நாம் நிஜமாக எடுத்துக்கொள்ளக்கூடியது எது? கண் ஏமாறும் விதிகளை எடுத்துக்கொள்ளலாம். அவை எல்லா உடம்புக்கும் பொது. குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறாக எழுதினார்: ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் படுக்கைக் கோடு நிரப்பியது உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும், பெண்களின் உடையிலும் அப்படியே. 2011இல் பீட்டர் தாம்சனும் கிரியாக்கி மிக்கெல்லிடூவும் வரைபடங்களிலும் ஜவுளிக்கடை உருவப்பொம்மையின் படங்களிலும் இதைச் சோதித்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் பக்கம்தான் தீர்ப்பு. இருந்தும் நம் அத்தைகள் மாறப்போவதில்லை.

நிறத்தின் கதை இன்னும் சுவையானது. பாரிஸின் கோபெலின் என்ற அரசு நெசவாலை திரைச்சீலைச் சித்திரங்களுக்குப் பேர்போனது. 1824இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரோலிடம் ஒரு புகார் வந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாக நெய்த கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது, சாயம் மட்டம். செவ்ரோல் வேறு பட்டறைகளின் கறுப்பையும் வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றிக்கொண்டிருந்தது. அருகருகே வைத்த இரண்டு நிறங்களின் வேறுபாட்டைக் கண் கூட்டிக் காட்டும் என்ற விதியை விளக்கி 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். எந்த நிறத் துணி எந்த முக நிறத்துக்கு ஒத்துப்போகும் என்றுகூட அதில் அலசியிருக்கிறார்.

ஒரு பச்சைச் சேலை ஒருவர்மேல் ஒளிர்ந்து இன்னொருவர்மேல் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பச்சைக்குப் பக்கத்தில் தோலின் சிவப்புச் சாயை தூக்கலாகத் தெரியும். சிவப்புக்குப் பக்கத்தில் அதே தோல் சற்றுப் பசுமை தட்டும். மாடலின் படத்தில் நாம் ரசிப்பது துணியின் நிறத்தை மட்டுமல்ல, அந்த நிறமும் அந்தத் தோலும் சேர்ந்த ஜோடியை. நம் மேல் அதே துணி விழும்போது ஜோடியில் பாதி மாறிவிடுகிறது. ஆன்லைனில் வாங்கிய சேலை ஏமாற்றும்போது எல்லாப் பழியையும் கடைக்காரர்மேல் போடுவது நியாயமில்லை.

நம் சேலைக் கடைகள் செவ்ரோலைப் படிக்காமலே இதைச் சமாளிக்கின்றன. பிரித்த சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கச் சொல்வார்கள். அடுத்த முறை வெட்கப்படாமல் போட்டுப் பாருங்கள். முடிந்தால் வாசல் வெளிச்சத்துக்கும் கொண்டு போங்கள். அப்போது கண்ணாடியில் சேலையைப் பார்க்காதீர்கள், உங்கள் முகத்தைப் பாருங்கள்.